புத்தக அறைக்கு எங்கே கதவு

லுசுங்கு கும்வெண்டா அந்த வரைபடத்தை ஏழாவது தடவையாக மேசைமேல் விரித்ததும், எதிரே உட்கார்ந்திருந்த முந்தாலி பேனாவை மூடி வைத்துவிட்டார். முசூசு நகரத்தில் ஒரு மரக்கடையின் மாடியில் இரண்டு அறைகள்தான் அவர்களுடைய அலுவலகம். முந்தாலி முதலாளி. லுசுங்கு அவரிடம் ஆறு வருஷமாகக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கீழே ரம்பம் ஓடும்போதெல்லாம் மேசை லேசாக நடுங்கும்.

"இன்னும் அதுல என்ன மிச்சம் இருக்கு?" என்றார் முந்தாலி. "ஊர்க்காரங்க கையெழுத்துப் போட்டாச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பணம் தர்ற உதவி நிறுவனத்துக்கு அனுப்பணும். அனுப்பிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போ."

"என்னமோ இடிக்குது சார்."

"எங்க இடிக்குது?"

அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. சிம்பெரா மலைக்கிராமத்தின் உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம். வரிசையாக நாலு வகுப்பறை, முனையில் திரும்பி நூலகம், ஆய்வுக்கூடம், ஆசிரியர் அறைகள். மேற்கு வெயில் வகுப்பில் அடிக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். கூரையை இன்னும் இரண்டடி வெளியே இழுத்தாள். பிறகு ஜன்னல்களை மாற்றினாள். பிறகு ஆய்வுக்கூடத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் செருப்புக்குள் சிறு கல் புகுந்த மாதிரி ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஒரு தடவை மேல போயிட்டு வந்துடறேன். தரையிலேயே கயிறு கட்டி, பசங்களை அதுக்குள்ள நடக்க விட்டுப் பாக்கறேன்."

"நீ வீடு கட்டிக் குடிபோனா, சுவரையெல்லாம் தினமும் நகர்த்தி நகர்த்தியே உன் புருஷன் ஓடிடுவான்."

"அதுக்குத்தான் இன்னும் கட்டிக்கல."

முந்தாலி சிரித்துவிட்டு வண்டிச் சாவியை மேசைமேல் தள்ளினார். "புதன்கிழமை ராத்திரி வண்டி இங்க இருக்கணும்."

செவ்வாய்க்கிழமை காலை அவள் கிளம்பினாள். அக்டோபர் மாதம். மழைக்கு முன்னால் எல்லோரும் கொல்லைகளைக் கொளுத்தியிருந்ததால் மலை முழுக்கப் புகை. மண்ரோட்டில் ஏறும்போது வண்டி குலுங்கிய குலுக்கலில் பின்னால் கிடந்த முளைக்குச்சிகள் மத்தளம் வாசித்தன. ரோட்டோரம் சிவப்புச் செங்கல் சூளைகள் நின்றன. வீட்டுக்கு ஐந்நூறு கல் என்று ஊர் கணக்கு வைத்து அறுத்துச் சுட்ட கல். எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. அவள் வண்டியை மெதுவாக்கி அந்த அடுக்குகளைப் பார்த்தாள். இத்தனை பேருடைய முதுகு நோவும் தன் பென்சில் கோட்டை நம்பியிருக்கிறது.

பழைய பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் காப்பிக்கொட்டைக் கிடங்காக இருந்தது. ஜன்னல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நாலு வகுப்புகளையும் மூங்கில் தட்டி வைத்துப் பிரித்திருந்தார்கள். ஒரு வகுப்பில் சரித்திரம் நடந்தால் பக்கத்து வகுப்பு கணக்கில் பாதி சரித்திரம் கலந்துவிடும்.

துணைத் தலைமையாசிரியர் ஹராவா வாசலுக்கே வந்து வரவேற்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. அறிவியல் பாடம் எடுப்பவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். இந்தக் கட்டடம் வருவதற்கு அவர்தான் காரணம் என்று ஊரே சொல்லும். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர், மனு எழுதியவர், உதவி நிறுவனத்தைப் பிடித்தவர், எல்லாம் அவர். லுசுங்கு முதல் தடவை வந்தபோது சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்து, நிலம் முழுக்கக் கூடவே நடந்து காட்டியவரும் அவர்தான்.

"மறுபடியுமா? எங்க பிளானை நீங்க கல்யாணம் பண்ணிக்கப்போறீங்களா என்ன?" என்றார்.

"ஒரு தடவை தரையில பாத்துட்டா மனசு ஆறும் சார்."

"பாருங்க, தாராளமா பாருங்க. எனக்குத்தான் வகுப்பு இருக்கு."

தலைமையாசிரியை மிசிஸ்கா மூன்றாம் பாரம் பிள்ளைகளை அனுப்பி வைத்தார். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்த அம்மாள். எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். பிள்ளைகள் முளையடித்தார்கள், கயிறு கட்டினார்கள், அடுப்புச் சாம்பலைக் கோடாகக் கொட்டினார்கள். பத்து மணிக்குள் வெறும் மைதானத்தில் ஒரு பள்ளிக்கூடம் படுத்துக் கிடந்தது.

"கயிறு இருக்கிற இடமெல்லாம் சுவர்," என்று லுசுங்கு சொன்னாள். "கதவு வழியாத்தான் போகணும்."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் கயிற்றைத் தாண்டிக் குதித்தான்.

"உன் மண்டை உடைஞ்சுபோச்சு," என்றாள் ஒரு பெண். "செங்கல்லுக்கு ஒண்ணும் ஆகல."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும், ஒல்லி, நெற்றியில் ஒரு தழும்பு. பெயர் கேட்டபோது, "சுஸ்கோ" என்றாள்.

"பேருக்கேத்த ஆளு மேடம். தொல்லைன்னு பேர் வெச்சா தொல்லையாத்தான் இருப்பா," என்றான் மண்டை உடைந்தவன்.

லுசுங்கு அவர்களுக்கு வேலைகள் கொடுத்தாள். மணி அடித்தால் வகுப்பு மாறு. மழை வந்தால் ஓடு. நூலகத்துக்குப் போ. ஒரு கூட்டம் வராந்தாவில் முட்டிக்கொண்ட இடத்தில் அவள் நோட்டில் குறித்தாள், அகலம் போதாது என்று. வேலை சுறுசுறுப்பாக நடந்தது. அவளுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இப்ப டீச்சர் உங்களைப் புத்தகம் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. புத்தக அறைக்குப் போங்க."

நூலகத்துக்கும் துணைத் தலைமையாசிரியர் அறைக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. அதன் கோடியில் புத்தக அறை. பையன்கள் ஒவ்வொருவராக ஓடிப்போய்க் கற்பனைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பெண்கள் முறை வந்தபோது மூன்று பேராகப் போனார்கள்.

"ஒருத்தர் போனா போதும்மா, கனமில்ல," என்றாள் லுசுங்கு.

அடுத்ததும் மூன்று பேராகத்தான் போனார்கள். அதற்கடுத்தது நாலு பேர். சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. சுஸ்கோ சந்தின் வாயிலேயே நின்றுவிட்டாள், தரையில் கிடந்த சாம்பல் கோட்டைப் பார்த்தபடி.

"கதவு அங்கதான் இருக்கணுமா மேடம்?"

"ஏன், எங்க இருக்கணும்?"

"வெளியிலேர்ந்து பாத்தா தெரியற மாதிரி."

லுசுங்கு பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினாள். சுஸ்கோவை மட்டும், முளைகளைப் பொறுக்கி அடுக்க உதவி வேண்டும் என்று நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் குனிந்து குச்சி அடுக்கினார்கள்.  முகத்தைப் பார்க்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"புத்தகம் எண்ணணும்னு கூப்பிடுவாரு," என்றாள் சுஸ்கோ. "பொண்ணுங்களை மட்டும். ஒரு நேரத்துல ஒருத்தர்."

"யாரு?"

சுஸ்கோ பெயரைச் சொல்லவில்லை. புத்தக அறையை ஒட்டி, கயிற்றுக்குள் அடைபட்டிருந்த அந்தப் பெரிய அறையை மோவாயால் காட்டினாள்.

"இப்ப இருக்கிற ரூமுக்குக் கதவு சரியா மூடாது மேடம். கீல் போயிடுச்சு. யாராவது ஒருத்தி வெளிய நின்னு இருமிக்கிட்டே இருப்போம். அதனால சமாளிச்சுக்கறோம்." குச்சியிலிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். "புதுசுல மூடும் இல்ல?"

மூடும். இரும்புக் கதவு, உள்தாழ்ப்பாள், ஜன்னல் கிடையாது. சுவர் ஒன்பது அங்குலம். லுசுங்குவே வரைந்தது. 'புத்தகம் திருட்டுப் போகுது, கரையான் வேற. பத்திரமான இடமா உள்ள தள்ளிப் போடுங்க, நான் பக்கத்துலேயே இருந்து பாத்துக்கறேன்' என்று ஹராவா சொன்னபோது, எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, அளவெடுத்து, கருப்பு மையில் அழுத்திப் போட்ட கோடு.

"உனக்கு ஏதாவது..."

"எனக்கு ஒண்ணும் ஆகல. நான் சத்தம் போடறவ. ஆனா சத்தம் போடாதவங்க இருக்காங்க." சுஸ்கோ எழுந்து பாவாடையைத் தட்டினாள். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மேடம். இன்னும் ஒரு வருஷம் நான் இங்க படிக்கணும்."

"சொல்லமாட்டேன்."

மத்தியானம் ஆசிரியர்களோடு உட்கார்ந்து ன்சிமா என்ற சோளக்களியும் பீன்ஸும் சாப்பிட்டாள். எதிரே ஹராவா எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தனக்கு என்ன அதிகாரம் என்று அவள் யோசித்தாள். தான் போலீஸ் இல்லை, கல்வி அதிகாரி இல்லை. சுவர் போடுகிறவள். சரி, சுவரையாவது மாற்றலாம்.

"சார், புத்தக அறையை முன்னாடி வராந்தாப் பக்கம் கொண்டு வந்துடலாம்னு பாக்கறேன்," என்றாள் சாப்பிட்டு முடித்ததும். "கம்பி வெச்ச பெரிய ஜன்னல். பாதிக் கதவு. உள்ள போகாமலே வெளிய நின்னு வாங்கிக்கலாம்."

ஹராவாவின் கை சொம்போடு ஒரு கணம் நின்றது.

"திருடனுக்கு வசதியா இருக்கும்."

"கம்பி இருக்கும் சார்."

"கமிட்டி கையெழுத்துப் போட்ட பிளான் இது. இப்ப மாத்தினா வெள்ளிக்கிழமை தாண்டிடும். தாண்டினா பணம் போயிடும். இந்த ஊருக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

"காத்தோட்டம் இல்ல சார், அதான்."

"காத்தோட்டமா." அவர் புன்னகைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரு என்ன சொன்னாங்க உங்ககிட்ட?"

காற்றைப் பற்றிப் பேசும்போது யார் சொன்னார்கள் என்று கேட்கிறவனுக்கு, சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அதுவரை ஓர் ஓரத்தில் இருந்த சந்தேகமும் அவளுக்கு அந்தக் கேள்வியோடு போயிற்று.

"யாரும் சொல்லல. கயிறு சொல்லுச்சு," என்றாள்.

அங்கிருந்து நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள். விஷயத்தைச் சுஸ்கோவின் பெயர் இல்லாமல் சொன்னாள். மிசிஸ்கா அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"போன வருஷம் ஒரு தாய் வந்து நின்னா," என்றார் கடைசியில். "மேலேர்ந்து, காட்டுப்பக்கத்துலேர்ந்து வந்தவ. எழுத்துல குடும்மான்னு சொன்னேன். எழுதத் தெரியாதுன்னு சொன்னா. சரி, நான் என்ன பண்றது, எழுத்துல வேணுமேன்னு சொல்லி அனுப்பிட்டேன்." கொஞ்ச நேரம் ஜன்னல் இல்லாத சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு இல்லாட்டி இந்தக் கட்டடம் வராது லுசுங்கு. எல்லாத்துக்கும் அவருதானே அலைஞ்சாரு."

"தெரியும் மேடம்."

"எனக்கு ஏழு மாசம் இருக்கு."

லுசுங்கு எழுந்தாள். வெளியே வந்துவிட்டாள். வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டாள், எடுத்தாள். கீழே போய்விடலாம், அனுமதி இல்லாமலே வரைபடத்தை மாற்றி அனுப்பிவிடலாம். ஆனால் கட்டும்போது ஹராவா இங்கே இருப்பார், கொத்தனார் அவர் பேச்சைத்தான் கேட்பான். கோடு மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஊரே சேர்ந்து மாற்ற வேண்டும்.

ரோட்டோரத் தகரக் கொட்டகையில் நியாசிரம்போ உசிபா என்ற பொடிமீன் கருவாட்டை அளந்துகொண்டிருந்தாள். பெற்றோர் கமிட்டியின் தலைவி. தடித்த உடம்பு, பெரிய குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பாதி ஊர் செங்கல் அறுத்தது. கொட்டகைக்குப் பின்னால் நாணல் பந்தலில் ஓர் இளம்பெண் மீனைப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வா நியாகும்வெண்டா," என்று லுசுங்குவை ஊர் வழக்கப்படி குடும்பப் பெயரால் கூப்பிட்டாள். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எங்க செங்கல் கோணலா?"

"செங்கல் நல்லா இருக்கு அம்மா. நான்தான் கோணலா வரைஞ்சுட்டேன். புத்தக அறையை முன்னாடி மாத்தணும்."

"மாத்து. அதுக்கு என்னைக் கேக்கணுமா?"

"ஹராவா சார் வேணாங்கறாரு."

"ஏன் மாத்தறே, அதைச் சொல்லு."

"பொண்ணுங்க அதுக்குள்ள தனியா போக மாட்டேங்கறாங்க."

அளக்கிற டப்பா கருவாட்டுக் குவியலில் அப்படியே நின்றது. பின்னால் மீன் புரட்டும் சலசலப்பும் நின்றது. நியாசிரம்போ மெதுவாகத் திரும்பினாள். பந்தலடியில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வலினாசே," என்றாள் நியாசிரம்போ.



"என் அண்ணன் மக," என்றாள் லுசுங்குவிடம், பார்வையை அந்தப் பெண்ணிடமிருந்து எடுக்காமலே. "வகுப்புல முதல் மார்க் வாங்கினவ. போன வருஷம் திடீர்னு போகமாட்டேன்னுட்டா. ஏன்னு கேட்டேன், சொல்லல. திமிருன்னு நெனச்சேன். சோளத்தட்டையால அடிச்சேன். அப்பவும் சொல்லல." குரல் உடைந்து சின்னதாகிவிட்டது. "வலினாசே, அங்கயா?"

அந்தப் பெண் கையிலிருந்த மீன்களை ஒவ்வொன்றாகப் பந்தலில் வைத்தாள். கடைசி மீனை வைத்த பிறகு தலையை அசைத்தாள்.

நியாசிரம்போ எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. மீன் செதில் ஒட்டிய கையால் அவள் முதுகில் தான் அடித்த இடத்தைத் தேடுகிற மாதிரி தடவிக்கொண்டே நின்றாள். லுசுங்கு வண்டிக்குத் திரும்பினாள். அன்றைக்கு அவள் ஊரைவிட்டுப் போகவில்லை.

புதன்கிழமை காலை கமிட்டி மைதானத்தில் கூடியது. இரவுக்காற்றில் சாம்பல் கோடு பாதி கலைந்திருந்தாலும் கயிறு அப்படியே இருந்தது. இருபது பேர் வந்திருந்தார்கள். ஹராவா கோப்போடு வந்தார். தேதிகளைச் சொன்னார், கையெழுத்துகளைக் காட்டினார், மாற்றினால் என்னென்ன கெடும் என்று நிதானமாக விளக்கினார். நன்றாகப் பேசினார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

நியாசிரம்போ சந்துக்குள் நடந்து போனாள். கயிறு அவள் இடுப்பின் இரண்டு பக்கமும் உரசியது. கோடியில் போய் நின்று திரும்பினாள்.

"சார், இங்க நின்னா என்னை யாருக்குத் தெரியும்?"

"புத்தகத்துக்குப் பாதுகாப்பு..."

"புத்தகத்துக்குக் கேக்கல. என்னைக் கேட்டேன்."

ஹராவா கோப்பை மூடினார்.

"நீங்க எந்த அர்த்தத்துல பேசறீங்கன்னு எனக்குப் புரியல அம்மா. இந்த ஊருக்கு நான் என்னவெல்லாம் செஞ்சேன்."

"செஞ்சீங்க. அதையும்தான் இப்ப கேக்கப்போறோம்."

அப்போது மிசிஸ்கா அம்மாள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். அவர் நடையில் அவ்வளவு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. "புத்தக அறை முன்பக்கம் வரட்டும்," என்றார். "அதுக்குப் பக்கத்துல ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமைப் போடுங்க. என் மேசையிலேர்ந்து கதவு தெரியணும். எனக்கப்புறம் வர்றவங்களுக்கும் தெரியணும்." பிறகு ஹராவாவைப் பார்த்தார். "உங்களைப் பத்தி நான் ஒரு கடிதம் எழுதறேன் சார். எழுத்துல."

ஹராவா சிறிது நேரம் நின்றார். யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு கயிற்றைத் தாண்டி, எந்தக் கதவையும் தேடாமல், மைதானத்தின் குறுக்கே நடந்து போனார்.

லுசுங்கு புதன், வியாழன் இரண்டு நாளும் மிசிஸ்கா அம்மாள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து வரைந்தாள். ஓர் அறையை நகர்த்தினால் எல்லாமே நகர்ந்தது. நூலகம் சுருங்கியது, கூரை மாறியது, தூண் ஒன்று ஜன்னலுக்கு நடுவில் வந்து நின்றது. சந்து என்ற ஒன்றே இல்லாமல் அழித்தாள். முந்தாலி போனில் கத்தினார், வண்டி எங்கே என்று. வெள்ளிக்கிழமை மத்தியானமும் தாண்டியது, வேலை முடியவில்லை. திங்கட்கிழமைதான் வரைபடம் போய்ச் சேர்ந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. முந்தாலி அந்தக் கடிதத்தை அவள் மேசையில் வைத்துவிட்டு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு அவரே உட்கார்ந்து விளக்கம் எழுதினார். மூன்று வாரம் எந்தப் பதிலும் இல்லை. அந்த மூன்று வாரமும், ஊர் சுட்ட அத்தனை செங்கலும் தன்னால் வீணாகப் போகிறது என்ற பயத்திலேயே அவள் சாப்பிட்டாள், எழுந்தாள், நடந்தாள். நாலாவது வாரம் ஒப்புதல் வந்தது.

ஹராவா விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. முதலில் அவரை ஏரிக்கரையில் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அங்கேயும் பெண்கள் படிக்கிறார்களே என்று நியாசிரம்போ மாவட்ட அலுவலகத்துக்கு மீன் கூடையோடு போனாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். மத்தியானம் வரை கூடை மணத்தது. இரண்டாம் தடவை வலினாசேயும் கூடப் போனாள், தானே பேசினாள். மூன்றாம் தடவை மேட்டிலிருந்து, எழுதத் தெரியாத அந்தத் தாயும் அவள் மகளும் வந்தார்கள். அதன் பிறகுதான் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், வழக்கும் பதிவானது. வழக்கு இன்னும் நடக்கிறது. வலினாசே சிம்பெரா பள்ளிக்குத் திரும்பவில்லை. அந்தப் பக்கமே பார்க்கமாட்டேன் என்றாள். தூரத்து ஊரில் சித்தி வீட்டில் தங்கி வேறு பள்ளியில் சேர்ந்தாள்.

அஸ்திவாரம் தோண்டிய வாரமே மழை முந்திக்கொண்டது. லுசுங்கு போனபோது வாய்க்கால் மாதிரி குழிகளிலெல்லாம் சிவப்புத் தண்ணீர் நின்றது. நியாசிரம்போ பெண்களைச் சேர்த்துக்கொண்டு அலுமினியப் பாத்திரங்களால் இறைத்துக்கொண்டிருந்தாள். லுசுங்குவும் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பக்கத்தில் சுஸ்கோ ஒரு வாளியோடு நின்றாள்.

"மேடம், பிளான்ல லேபுக்குக் குழாய் போட்டிருக்கீங்க. நாலு மேசைக்கும்."

"ஆமா."

"தண்ணி வருமா?"

"வர்ற மாதிரிதான் வரைஞ்சிருக்கேன்."

"வருமா?"

லுசுங்கு வாளியை வாங்கித் தண்ணீரைக் குழிக்கு வெளியே ஊற்றினாள். மலை உச்சித் தொட்டியிலிருந்து இங்கே வரை குழாய் இழுப்பதாகத் தண்ணீர் வாரியம் வாயால் சொல்லியிருந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை. அதை அவள் இதுவரை யோசித்துப் பார்க்கவே இல்லை.

"தெரியல," என்றாள். "நாளைக்குத் தண்ணி வாரியத்துல போய்க் கேக்கறேன்."

"நானும் வரட்டுமா? சனிக்கிழமைதானே."

"வா. ஆனா அங்க வந்து நீதான் பேசணும்."

சுஸ்கோ காலி வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். மேற்கே இன்னொரு மழை கருத்துக்கொண்டு வந்தது.